தென்னாப்பிரிக்காவில் வழிகாட்டியுடன் வேட்டை: கிளம்பும் முன் கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவில் வேட்டைக்குப் போக வேண்டும், எந்த நாட்டுக்குப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது தென்னாப்பிரிக்கா, அடுத்தது நமீபியா. இரண்டிலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. மான் வகைகளும் பறவைகளும் ஒரே பயணத்தில் கிடைக்கும். முதல் தடவை போகிறவருக்கும் கட்டுப்படியாகும். என்னிடம் கேட்பவர்களில் கனடா, நார்வே, ஜெர்மனி, பிரிட்டன் என்று குடியேறி அங்கேயே வேட்டை உரிமம் எடுத்த தமிழர்கள் அதிகம். இந்தியாவிலிருந்தும் சிலர் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவைப் பற்றியது. நமீபியா எங்கே மாறுபடுகிறது என்பதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எதிலிருந்து தொடங்குவது? எந்த விலங்கு என்று முதலில் முடிவு செய்ய வேண்டுமா?

விலங்கைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். முதலில் ஆளைத் தேடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர் தென்னாப்பிரிக்காவில் தனியாக வேட்டையாடச் சட்டம் இடம் தருவதில்லை. உரிமம் பெற்ற ஏற்பாட்டாளர் (எல்லோரும் அவுட்ஃபிட்டர் என்றுதான் சொல்கிறார்கள்) ஒருவர் வழியாக ஒப்பந்தம் போட வேண்டும்; களத்தில் உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர், அதாவது பி.எச்., கூடவே இருக்க வேண்டும். இந்த உரிமத்தைக் கொடுப்பது மாகாண இயற்கைப் பாதுகாப்புத் துறை. ஆகவே லிம்போப்போவில் வேட்டை என்றால் லிம்போப்போவில் செல்லும் உரிமம் வேண்டும். "என் சித்தப்பா மகன் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறான், அவன் நண்பருக்குப் பண்ணை இருக்கிறது" என்று கிளம்பினால் வேட்டையே சட்டவிரோதமாகிவிடும், கொம்பும் தோலும் நாட்டை விட்டு வெளியே வராது.

வேட்டை தொடங்குமுன் எழுத்தில் ஒப்பந்தம், முடிந்ததும் பி.எச். நிரப்பி நீங்கள் கையெழுத்திடும் வேட்டைப் பதிவேடு: இந்த இரண்டு தாள்களும் பின்னால் ஏற்றுமதி அனுமதிக்கு அடிப்படை. இரண்டின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல அவுட்ஃபிட்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெரிய கொம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம் எல்லாரிடமும் இருக்கிறது. பெயர் சொல்லி மூன்று பேரின் தொடர்பைக் கேளுங்கள். அவர்களில் ஒருவராவது எதையும் சுட முடியாமல் திரும்பியவராகவோ, விலங்கைக் காயப்படுத்தித் தவறவிட்டவராகவோ இருக்கட்டும். காரியம் கெட்டுப்போன நாளில் அந்த மனிதர் எப்படி நடந்துகொண்டார் என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

பிறகு நேரடியாகக் கேட்க வேண்டியவை: என்னோடு வரப்போகும் பி.எச். யார், அவர் நிரந்தர ஆளா அந்த வாரத்துக்கு அமர்த்தப்படுபவரா? வேட்டை உங்கள் சொந்த நிலத்திலா, இல்லை தினமும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் பக்கத்துப் பண்ணைகளுக்குப் போவோமா? அதே வாரத்தில் வேறு குழு இருக்குமா? ஒரு விலங்கு "உறுதியாகக் கிடைக்கும்" என்று சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை குறையும். காட்டில் உறுதி என்று ஒன்று இருந்தால் யாரோ அதை முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

பெரும்பாலான பண்ணைகள் வேலி போட்டவை என்கிறார்களே, அது நியாயமான வேட்டையா?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு முக்கியமானது இதுதான்.

தென்னாப்பிரிக்காவில் வேலி வந்ததற்குச் சட்டக் காரணம் உண்டு. 1991-இல் வந்த வேட்டை விலங்குத் திருட்டுச் சட்டம், போதுமான வேலி போட்டதாகச் சான்றிதழ் பெற்ற நில உரிமையாளருக்கு அந்த விலங்குகள் மீது உரிமையை உறுதி செய்தது. வேலி தாண்டிப் போனாலும் விலங்கு அவருடையதே. மாடு மேய்த்த நிலங்கள் பல குடு மான்களும் வில்டபீஸ்டும் மேயும் நிலங்களாக மாறியதில் இந்த உரிமைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பான்டபாக் என்ற மான் 1931-இல் அதற்கென ஒரு தேசியப் பூங்கா அமைத்தபோது வெறும் 17 உருப்படிகளோடு தொடங்கியது. அந்த இனத்தை ஒட்டுமொத்தமாக அழியாமல் அதற்கு முன்பு காத்து வைத்திருந்தவர்கள் கேப் பகுதி விவசாயிகள் சிலர்.

ஆகவே வேலி இருக்கிறதா என்று கேட்டு ஒதுக்கினால் நல்ல இடங்களையும் இழப்பீர்கள். கேட்க வேண்டியது வேலிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று. எத்தனை ஹெக்டேர்? அந்த மான் அங்கேயே பிறந்ததா, ஏலத்தில் வாங்கிப் போன மாதம் இறக்கிவிட்டதா? தீவனம் வைக்கிறார்களா, வண்டிச் சத்தம் கேட்டால் மான் ஓடுகிறதா, திரும்பிப் பார்க்கிறதா? ஐயாயிரம் ஹெக்டேர் முட்புதரில், தன் வாழ்நாளில் வேலியையே சில தடவைதான் பார்த்திருக்கக்கூடிய குடு கிடா உங்களைத் தாராளமாக ஏமாற்றும். முந்நூறு ஹெக்டேரில் லாரியில் வந்து இறங்கிய மானைச் சுடுவது வேட்டை இல்லை.

நிறத்துக்காக வளர்க்கப்படும் தங்க நிற வில்டபீஸ்ட், கறுப்பு இம்பாலா போன்றவற்றையும் விலைப்பட்டியலில் பார்ப்பீர்கள். அவை தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தின் விளைவு. நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

சிங்கம்?

கூண்டில் வளர்த்து வேட்டைக்காகத் திறந்துவிடும் சிங்கத் தொழில் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 2017-இல் இதை ஏற்பதா கூடாதா என்ற சண்டையில் அந்நாட்டுத் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கமே உடைந்து, எதிர்த்தவர்கள் தனி அமைப்பு கண்டார்கள். 2021-இல் அரசு நியமித்த உயர்மட்டக் குழுவும் இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். சிங்க வேட்டைக்கு வேறு நாடுகள் உண்டு. முதல் பயணத்துக்கு அது வேண்டியதும் இல்லை.

அப்படியானால் முதல் பயணத்தில் எதை வேட்டையாடலாம்?

இம்பாலா, ஸ்பிரிங்பாக், பிளெஸ்பாக், வார்ட்ஹாக் பன்றி, ஜெம்ஸ்பாக், நீல வில்டபீஸ்ட், குடு. இவற்றைச் சமவெளி விலங்குகள் என்று ஒரே தொகுப்பாகப் பேசுவார்கள். ஏழு நாள் பயணத்தில் நான்கு அல்லது ஐந்து விலங்குகள் போதும். பட்டியல் நீண்டால் ஒவ்வொரு காலையும் கணக்குத் தீர்க்கும் வேலையாகிவிடும். ஒரு குடுவுக்காக மூன்று நாள் நடந்து, வழியில் அமையும் வார்ட்ஹாக்கை எடுத்துக்கொள்வதுதான் நல்ல வாரம்.

எந்த மாதம் போகலாம்?

மே முதல் செப்டம்பர் வரை. அங்கே அது குளிர்காலம், வறண்ட காலம். இலை உதிர்ந்து புல் சாய்ந்துவிடும், விலங்கு கண்ணுக்குத் தெரியும்; கொசுவும் குறைவு. குடுவுக்கு மே கடைசி, ஜூன் நல்லது, அப்போது கிடாக்கள் பெட்டைகளைத் தேடி வெளியே வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் வற்றி விலங்குகள் குளத்துக்கு வரும், ஆனால் பகலில் வெயில் ஏறும். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் ஜூன், ஜூலை இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று எண்ணி மெல்லிய சட்டையோடு போய் விடியற்காலைத் திறந்த வண்டியில் நடுங்கியவர்கள் உண்டு. கம்பளித் தொப்பி, கையுறை இரண்டும் பெட்டியில் இருக்கட்டும்.

மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்?

இரண்டு கணக்குகள் இருக்கும். ஒன்று தினக்கட்டணம்: தங்குமிடம், சாப்பாடு, பி.எச்., தடம் பார்ப்பவர், வண்டி எல்லாம் இதில் அடங்கும். ஒருவருக்கு ஒரு பி.எச். என்றால் நாளுக்குச் சுமார் 350 முதல் 500 அமெரிக்க டாலர். இரண்டு பேர் ஒரு பி.எச்.சைப் பகிர்ந்தால் தலைக்குக் குறையும். இன்னொன்று ஒவ்வொரு விலங்குக்குமான கட்டணம். இம்பாலா, ஸ்பிரிங்பாக், வார்ட்ஹாக் சில நூறு டாலர்களில் முடியும்; ஜெம்ஸ்பாக், வில்டபீஸ்ட் ஆயிரத்தைத் தாண்டும்; குடு இரண்டாயிரத்துக்கு மேல். கேப் எருமை பத்தாயிரம் டாலர் அளவில் தொடங்கி மேலே போகும்.

பலர் கணக்கில் விடுவது இவை: தினக்கட்டணத்தின் மேல் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி சேர்த்திருக்கிறார்களா, விமான நிலையத்திலிருந்து அழைத்துப்போகும் செலவு, துப்பாக்கி வாடகை, அன்பளிப்பு, தோல் கொம்பு பதப்படுத்தி அனுப்பும் செலவு. கடைசியாகச் சொன்னது சில சமயம் விலங்குக் கட்டணத்தையே மிஞ்சும். "எல்லாம் சேர்த்து" என்று வரும் தொகுப்பு விலையில் இது அநேகமாகச் சேர்ந்திருக்காது.

காயம்பட்டு ஓடிவிட்டால் அதற்கும் பணம் கட்ட வேண்டுமா?

ஆம், முழுக் கட்டணம். ஒரு சொட்டு இரத்தம் விழுந்தாலும் அந்த விலங்கு உங்கள் கணக்கில் சேரும். இது சரியான விதி. அந்த விலங்கு வலியோடு எங்கோ படுத்திருக்கிறது. சுட்டவர் அதற்குப் பொறுப்பு.

தேடல் எப்படி நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. சுட்ட இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும். தடம் பார்ப்பவர் தனியாக முன்னே போவார். இளஞ்சிவப்பு நிறத்தில் நுரைத்த இரத்தம் என்றால் நுரையீரல், பக்கத்திலேயே கிடைக்கும். அடர்ந்த கருஞ்சிவப்பு ஈரலைக் காட்டும். பச்சைத் துணுக்குகளும் நாற்றமும் இருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது; அப்போது உடனே துரத்தாமல் காத்திருந்து போவார்கள். புல்லின் அடிப்பக்கத்தில் ஒட்டிய கடுகளவு சொட்டைக் குச்சி முனையால் தொட்டுக் காட்டிவிட்டு, அடுத்த சொட்டைத் தேடாமல் தலையை நிமிர்த்தி மான் எந்தப் பக்கம் நிழலுக்குப் போயிருக்கும் என்று பார்ப்பார் தேர்ந்த தடம் பார்ப்பவர். அந்த நேரத்தில் பேசாதீர்கள், தடத்தை மிதிக்காதீர்கள், துப்பாக்கியில் தோட்டா ஏற்றி வைப்பதா வேண்டாமா என்பதில் பி.எச். சொல்படி நடந்துகொள்ளுங்கள்.

எங்கே குறி வைப்பது? வட நாடுகளில் வேட்டையாடிப் பழகியவருக்கு வித்தியாசம் உண்டா?

உண்டு. கனடாவிலோ நார்வேயிலோ தோளுக்குப் பின்னால் விலாவில் சுடப் பழகியிருப்பீர்கள். ஆப்பிரிக்க மான்களுக்கு இதயம் முன்கால்களுக்கு நடுவே, தாழ்வாக இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்காலைப் பிடித்து நேராக மேலே ஏறுங்கள். உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு வந்ததும் அங்கே. ஜெம்ஸ்பாக்குக்குத் தோளின் மேல் திமில் போல் எழும்பியிருக்கும், அதைப் பார்த்து நடு உடம்பு என்று எண்ணி மேலே சுட்டுவிடுவார்கள். வில்டபீஸ்டின் பிடரி முடியும் இப்படியே ஏமாற்றும். பி.எச். வீட்டில் விலங்குகளின் பக்கவாட்டுப் படங்கள் அச்சிட்ட புத்தகம் இருக்கும். முதல் நாள் மாலை அதை வைத்துக்கொண்டு அவரிடமே கேளுங்கள்.

இன்னொன்று, அங்கே சுடுவது மேசையிலிருந்து அல்ல. பி.எச். மூன்று கால் குச்சியை உங்கள் முன்னால் விரிப்பார், அதன் கவையில் துப்பாக்கியை வைத்து நின்றபடி, சில நொடிகளுக்குள் சுட வேண்டும். புதர்க்காட்டில் தூரம் பெரும்பாலும் 100 மீட்டர் அளவில், கரூ என்ற வறண்ட பகுதியின் வெட்டவெளியில் ஸ்பிரிங்பாக்குக்கு 200 மீட்டரும் தாண்டும். ஆகவே கிளம்புமுன் மூன்று கால் குச்சி ஒன்று வாங்கி, தினமும் வீட்டில் தோட்டா இல்லாத துப்பாக்கியை அதில் வைத்து எடுத்துப் பழகுங்கள். வாரம் ஒருமுறை சுடுதளத்தில் அதே குச்சியில் சுடுங்கள். பயணத்துக்காகச் செய்யும் எல்லாச் செலவிலும் இதுதான் மலிவானது, பலன் அதிகமானது. சுட்டவுடன், விழுந்ததைப் பார்த்து மகிழ்வதற்கு முன், அடுத்த தோட்டாவை ஏற்றும் பழக்கமும் வேண்டும்.

எந்தத் துப்பாக்கி?

நீங்கள் நன்றாகச் சுடும் துப்பாக்கி. .308 அல்லது .30-06 அளவுத் தோட்டா சுடும் ரைஃபிள் சமவெளி விலங்குகள் எல்லாவற்றுக்கும் போதும், நல்ல குண்டாக இருந்தால். எலாண்ட் போன்ற பெரிய உடம்புக்குக் கனமான குண்டு வேண்டும். கேப் எருமைக்கு .375-க்குக் கீழே யோசிக்க வேண்டாம். ஆனால் அதன் உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுபவர் எருமைக்கே போக வேண்டாம்.

சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?

இந்தியாவிலிருந்து போகிறவருக்கு என் பதில் வாடகைதான். நம் ஆயுத உரிமத்தோடு துப்பாக்கியை நாட்டுக்கு வெளியே எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவரும் அனுமதிகளுக்கு அலைவதைவிட, ஸ்கோப்பும் சத்தத் தடுப்பானும் பொருத்திய, அந்தக் காட்டுக்கே பழகிய ரைஃபிளை எடுத்துக்கொள்வது நிம்மதி. முதல் நாள் அதில் சில தோட்டாக்கள் சுட்டுப் பார்த்த பிறகுதான் காட்டுக்குள் போக வேண்டும்.

ஐரோப்பா, கனடாவிலிருந்து சொந்தத் துப்பாக்கியோடு போகலாம். அதற்கான படிவம் எஸ்.ஏ.பி.எஸ். 520, தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் தற்காலிக இறக்குமதி அனுமதி விண்ணப்பம். கறுப்பு மையில் நிரப்புங்கள். கையெழுத்தை மட்டும் அதிகாரியின் முன்னிலையில் போடுங்கள். கூடவே அவுட்ஃபிட்டரின் அழைப்புக் கடிதம், துப்பாக்கி உங்களுடையது என்பதற்கான உரிம நகல், பாஸ்போர்ட் நகல், திரும்பும் விமானச் சீட்டு வேண்டும். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரை அனுமதி, அதுவும் அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்துவது மட்டும். தற்காப்புக்கான கைத்துப்பாக்கிக்கும் அரைத் தானியங்கித் துப்பாக்கிக்கும் சாதாரண வேட்டைப் பயணியாக அனுமதி எதிர்பார்க்காதீர்கள். பறவை வேட்டைக்கு இரட்டைக் குழல் போதும்.

விமானத்தில் பூட்டிய கடினப் பெட்டியில் துப்பாக்கி; தோட்டா அதன் தொழிற்சாலைப் பெட்டியில், ஆளுக்கு 5 கிலோவுக்குள். நடுவில் மாறும் நாட்டிலும் துப்பாக்கிக்கு இடைவழி அனுமதி தேவைப்படலாம். மலிவான சீட்டு என்று மூன்று விமானம் மாறும் வழியை எடுத்தால் மூன்று நாட்டுச் சட்டத்தைப் படிக்க வேண்டியிருக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி உள்நாட்டு விமானம் பிடிப்பதாக இருந்தால் நடுவே நாலைந்து மணி நேரமாவது விடுங்கள், அல்லது இரவு அங்கேயே தங்கிவிடுங்கள். உங்கள் நாட்டிலிருந்து கிளம்பும்போது துப்பாக்கியைச் சுங்கத்தில் பதிவு செய்துகொள்ள மறக்காதீர்கள். திரும்பும்போது "இது இங்கிருந்து போனதுதான்" என்று காட்ட அந்தத் தாள்தான் இருக்கிறது.

பறவை வேட்டையில் என்ன கிடைக்கும்?

நிறைய, ஆனால் இடத்துக்கு இடம் வேறு. ஃப்ரீ ஸ்டேட்டில் சூரியகாந்தி அறுவடை முடிந்த வயலில் புள்ளிப்புறாக்கள் கூட்டங்கூட்டமாக வரும். சோளத் தாளடியில் எகிப்திய வாத்தும், கூர்நகச் சிறகு கொண்ட பெரிய வாத்தும் விடியலில் இறங்கும். வயலோரம் மறைப்புக்குள் உட்கார்ந்து, முன்னால் பொய்ப்பறவைகளை வைத்துக் காத்திருப்பீர்கள். கினிக்கோழிக்கு ஆட்கள் வரிசையாக நடந்து விரட்டிக் கொடுப்பார்கள். பறக்க மனமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் பறவை அது. கடைசி நொடியில் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும்போது எதைச் சுடுவது என்று தடுமாறுவோம்.

எனக்குப் பிடித்தது கௌதாரி. கிழக்குக் கேப்பில் ஸ்டார்ம்பெர்க் மலைப் புல்வெளிகளில் சாம்பல் சிறகுக் கௌதாரியை வேட்டை நாயோடு நடந்து தேடுவது. நாய் சட்டென்று உறையும், ஒரு முன்காலைத் தூக்கியபடி, வால் நேராக. நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். சில அடி தூரத்தில் புல்லுக்குள் பறவைகள் இருப்பது நாய்க்கு மட்டும் தெரியும். ஒரு கூட்டம் எழுந்தால் ஒன்றோ இரண்டோ போதும், மீதியை விட்டு அடுத்த மேட்டுக்குப் போவதுதான் அங்கே வழக்கம். உயரமான நிலம், நாள் முழுக்க நடை, முழங்கால் நன்றாக இருக்க வேண்டும்.

பறவைகளுக்கான பருவமும் நாளொன்றுக்கான எண்ணிக்கையும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும், ஆண்டுதோறும் அறிவிப்பாக வரும். நீங்கள் போகும் ஆண்டின் அறிவிப்பை அவுட்ஃபிட்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

ரைஃபிள் வேட்டை, பறவை வேட்டை இரண்டையும் ஒரே வாரத்தில் வைக்கலாமா?

வைக்கலாம், வரிசை முக்கியம். முதலில் மான், பிறகு பறவை. காலையிலிருந்து ஷாட்கன் வெடித்த நிலத்தில் மறுநாள் குடுவைத் தேடிப் பயனில்லை. ஏழு நாளில் ஐந்து நாள் ரைஃபிளுக்கு, கடைசி இரண்டு நாள் வேறொரு பண்ணையின் வயலில் பறவைக்கு என்று பிரித்தால் நன்றாக அமையும். முதல் நாளே பெரிய மான் கிடைத்துவிட்டால் நடுவில் ஒரு மாலை புறாவுக்குப் போகலாம்.

நமீபியா எப்படி வேறுபடுகிறது?

ஜெம்ஸ்பாக்கும் வெட்டவெளியும் வேண்டுமானால் நமீபியா. வேட்டைப் பருவம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. குண்டின் ஆற்றலுக்கே சட்டத்தில் அளவு உண்டு: ஸ்பிரிங்பாக்குக்கு 1,350 ஜூல், குடு, ஜெம்ஸ்பாக், எலாண்டுக்கு 2,700, எருமை, யானைக்கு 5,400. கைத்துப்பாக்கியும் குறுக்குவில்லும் அனுமதியில்லை.

நமீபியாவை நான் மதிப்பதற்குக் காரணம் அதன் சமூகக் காப்பகங்கள். 1996-இல் சட்டம் வந்தது, 1998-இல் முதல் நான்கு காப்பகங்கள் பதிவாயின; இன்று 80-க்கு மேல். பொது நிலத்தில் வாழும் கிராமத்தார் தங்கள் பகுதி விலங்குகளின் வருமானத்துக்கு உரியவர்கள், வேட்டைக் கட்டணத்தில் ஒரு பகுதி அவர்களுக்குப் போகிறது, இறைச்சியும் போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் வேட்டையாடினால், சுட்ட விலங்கின் இறைச்சி பங்கிடப்படுவதை நின்று பாருங்கள். உங்கள் பணம் என்ன செய்கிறது என்பது புரியும்.

இறைச்சியை என்ன செய்வார்கள்? நாம் சாப்பிடலாமா?

வீணாகாது. தென்னாப்பிரிக்காவில் இறைச்சி பொதுவாகப் பண்ணை உரிமையாளருக்குச் சொந்தம். அவர் விற்பார், வேலையாட்களுக்குக் கொடுப்பார், முகாம் சமையலறைக்கும் வரும். குடுவின் முதுகுச் சதையை விறகுக் கனலில் வாட்டியதை ஒருமுறை சாப்பிட்டால் மறக்காது. காய்ந்த இறைச்சியான பில்டாங் செய்வதைக் கேட்டுப் பாருங்கள்: நீளவாக்கில் அறுத்த சதை, காடி, உப்பு, மிளகு, இடித்த கொத்தமல்லி விதை. அந்த மணம் நம் வீட்டு மணமாகவே இருக்கும். ஆனால் ஊருக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள், பெரும்பாலான நாடுகளின் சுங்கத்தில் பறிமுதலாகும்.

கொம்பையும் தோலையும் வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

கையோடு வராது. தோலை உப்பிட்டு உலர்த்தி, மண்டையோட்டை வேகவைத்துச் சுத்தம் செய்து, கிருமி நீக்கி, கால்நடை மருத்துவச் சான்றிதழோடு பெட்டியில் அடைத்து அனுப்ப மாதக்கணக்கில் ஆகும். கோமாரி நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியில் வேட்டையாடியிருந்தால் இன்னும் தாமதம். வேட்டை முடிந்த அன்றே ஒவ்வொரு தோலிலும் உங்கள் பெயர்ச்சீட்டு கட்டியிருக்கிறதா என்று தோல் உரிக்கும் கொட்டகைக்குப் போய் நீங்களே பாருங்கள்.

அடுத்தது சைட்டிஸ், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம். இம்பாலா, குடு, ஜெம்ஸ்பாக்குக்கு இதில் சிக்கல் இல்லை. ஆனால் விலைப்பட்டியலில் சாதாரணமாக எழுதியிருக்கும் சிலவற்றுக்கு அனுமதி வேண்டும்: பபூன் குரங்கு, கராகல் பூனை, லெச்வே மான், ஒட்டகச்சிவிங்கி. வரிக்குதிரை என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று கேளுங்கள். சமவெளி வரிக்குதிரைக்குச் சைட்டிஸ் தேவையில்லை, ஹார்ட்மன் மலை வரிக்குதிரைக்குத் தேவை.

அதற்கு மேல் உங்கள் நாட்டின் சட்டம். ஆஸ்திரேலியாவும் பிரான்சும் 2015-இலேயே சிங்கத்தின் உறுப்புகளைத் தடுத்துவிட்டன. நெதர்லாந்தும் பெல்ஜியமும் பல இனங்களுக்குத் தடை போட்டுள்ளன. கனடா 2024 ஜனவரி முதல் யானைத் தந்தத்தையும் காண்டாமிருகக் கொம்பையும் வேட்டைப் பொருளாகவும் அனுமதிப்பதில்லை. சட்டம் அனுமதித்தாலும் விமான நிறுவனம் மறுக்கலாம். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் நாட்டுச் சைட்டிஸ் அலுவலகத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா?

கொண்டுவருவதாகத் திட்டமே போடாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1991 திருத்தத்துக்குப் பிறகு வேட்டை உரிமங்களுக்கே இடம் வைக்கவில்லை. 2022 திருத்தம், 2023 ஏப்ரல் முதல், சைட்டிஸ் விதிகளையும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. இறக்குமதி அனுமதிகள் மிகக் கடினமானவை. பெட்டிக்குள் சிறிய கொம்போ பல்லோ நினைவுப் பொருளாக ஒளித்துக் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே வழக்காகும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் நல்ல புகைப்படங்களோடு திரும்பட்டும். கொம்பையும் தோலையும் பண்ணையிலேயே விட்டுவிடலாம், செலவும் மிச்சம்.

தடுப்பூசி, மலேரியா?

லிம்போப்போ, ம்புமலாங்காவின் தாழ்நிலம், குவாசுலு-நடாலின் வடக்கு ஆகியவை மலேரியா பகுதிகள். மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள். கிழக்குக் கேப்பிலும் ஃப்ரீ ஸ்டேட்டிலும் இந்தக் கவலை இல்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே போவது நல்லது. எங்கே போனாலும் உண்ணிக் கடி உண்டு. காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, மாலையில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடித்த இடத்தில் கறுத்த பொருக்கும் காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் உண்ணியைச் சொல்லுங்கள்.

நைரோபி, அடிஸ் அபாபா வழியாக விமானம் மாறுகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைக் கவனியுங்கள். அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தென்னாப்பிரிக்கா கேட்கும். சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும்.

மனைவி, பிள்ளைகள் கூட வரலாமா?

வரலாம். பார்வையாளர் கட்டணம் என்று தினக்கட்டணத்தில் ஏறக்குறைய பாதி வாங்குவார்கள். வண்டியில் கூட வரலாம், ஒரு நாள் பூங்காவுக்குப் போய்வரலாம். வேட்டையைப் பார்க்க விரும்பாதவரை முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு தனி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் இருந்தால் பதிவு செய்யும்போதே எழுதுங்கள். முகாம் சமையலறை இறைச்சியைச் சுற்றியே இயங்கும்.

அன்பளிப்பு எவ்வளவு, யாருக்கு?

பி.எச்.சுக்கு, தடம் பார்ப்பவருக்கு, தோல் உரிப்பவருக்கு, சமையல்காரருக்கு, அறை துடைப்பவருக்கு. அங்கே வழக்கமான அளவை அவுட்ஃபிட்டரிடம் முன்பே கேளுங்கள். மொத்தமாக ஒருவரிடம் கொடுக்காமல், ரேண்ட் நோட்டுகளாகப் பிரித்து, பெயர் சொல்லி, அவரவர் கையில் கொடுங்கள். உங்கள் மான் கிடைத்ததில் தடம் பார்ப்பவரின் கண்ணுக்குப் பாதிப் பங்கு உண்டு, சம்பளமோ எல்லாரையும்விடக் குறைவு.

முன்பணம் கட்டிய பிறகு போக முடியாமல் போனால்?

முன்பணம் பாதி வரை கேட்பார்கள். திருப்பித் தருவார்களா, அடுத்த ஆண்டுக்கு மாற்றுவார்களா, விலங்குக் கட்டணம் அப்போது ஏறினால் யார் தாங்குவது, அவுட்ஃபிட்டரே ரத்து செய்தால் என்ன என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்ஆப்பில் சொன்ன வாக்குறுதியை ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டால் உரிமத்தில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அனுப்ப வேண்டாம். காட்டிலிருந்து மருத்துவமனைக்கு எடுத்துப்போகும் செலவையும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள், அதில் வேட்டை விலக்கப்படவில்லை என்று பார்த்து. வங்கி மாற்றல் ரசீது, ஒப்பந்தம், உரிம நகல் மூன்றையும் ஒரே உறையில் போட்டு, இன்னொரு பிரதியை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.